"ஒண்ணும் ஆகாது"

"அண்ணா, அவுட்டும் ஏ-வும் ஒரே வெக்டாரா இருந்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது, போடும்மா."

கேட்டவள் எங்கள் கேம் டீமில் சேர்ந்து நான்கு மாதம். வெக்டார் என்பது எக்ஸ், ஒய், இசட் என்று மூன்று எண். ஏ, பி கணக்குக்குள் போகிற வெக்டார்கள், அவுட் விடையை எழுதுகிற வெக்டார். பதில் சொல்ல நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெக்டார் கணக்குகளுக்கான லைப்ரரியை அவள்தான் லுவா என்ற புரோகிராமிங் மொழியில் எழுதினாள். முதலில் எழுதிய கோடில் ஒரு குறையும் இல்லை. மெட்டாடேபிள் (+ போன்ற குறிகளுக்கு நாமே வேலை சொல்லிக்கொடுக்கும் வசதி) வைத்து ஏ + பி என்று கணக்கு நோட்டில் எழுதுவது போல எழுதியிருந்தாள். மாற்றச் சொன்னது நான்தான். அவள் கோடில் ஒவ்வொரு வெக்டாரும் ஒரு டேபிள், அதாவது மெமரியில் இடம் பிடிக்கும் ஒரு பெட்டி. ஒவ்வொரு கூட்டலுக்கும் புது டேபிள் பிறக்கும். 400 தோட்டா, தோட்டாவுக்கு 5 கணக்கு, நொடிக்கு 60 ஃபிரேம் என்றால் நொடிக்கு 1,20,000 டேபிள். வேண்டாத டேபிள்களை மெமரியிலிருந்து அகற்றும் கார்பேஜ் கலெக்டர் பெருக்க வரும்போது கேம் திக்கும். அதனால் விடையை ஏற்கெனவே இருக்கிற வெக்டாரிலேயே எழுது என்றேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

ஆனால் 'ஒண்ணும் ஆகாது' என்றபோது என் மனதில் இருந்தது கூட்டல். அதில் உண்மையாகவே ஒன்றும் ஆகாது. கிராஸ் பிராடக்டில் ஆகும். இரண்டு வெக்டாருக்கும் செங்குத்தான மூன்றாவதைத் தரும் கணக்கு அது, கேமராவின் திசைக்கு அதைத்தான் வைத்திருந்தோம். முதல் வரியில் எக்ஸை எழுதியதுமே பழைய எக்ஸ் போய்விடும். அடுத்த இரண்டு வரிக்கும் அது வேண்டும். (0, 0, 1), (0, 1, 0) கொடுத்தால் (-1, 0, 0) வர வேண்டும். எங்களுக்கு (-1, 0, -1) வந்தது. டெமோவுக்கு முந்தைய இரவு கேமரா கழுத்து சுளுக்கியது போலச் சாய்ந்து நின்றது.

இரண்டு மணி நேரம் தேடி அவளே கண்டுபிடித்தாள். மூன்று லோக்கல் (தற்காலிக) மாறிகளில் விடையைப் போட்டுக்கொண்டு கடைசியில் எழுதினால் போதும். லோக்கலில் எண் வைத்தால் குப்பையும் சேராது. மறுநாள் மீட்டிங்கில் காரணம் கேட்டார்கள். "லைப்ரரியில ஒரு பக்" என்றேன். பொய் இல்லை. லைப்ரரியை எழுதியவள் அவள் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் சிக்கல். அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

வேலை நெருக்கடி, ஒரே நேரத்தில் பத்துப் பேர் பத்துக் கேள்வி கேட்பார்கள், எல்லாம் சரி. ஆனால் அவள் கேட்டது அந்தப் பத்தில் ஒன்றல்ல, சரியான கேள்வி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் வெளியான கேமில் ஒரே நேரத்தில் 40 தோட்டாவுக்கு மேல் பறக்கவே இல்லை. நொடிக்கு 12,000 டேபிள். அவளுடைய ஏ + பி அப்படியே இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். அளந்து பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை.

இப்போது அவள் எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் அவுட்டும் ஏ-வும் ஒன்றாக இருக்கும் டெஸ்ட் ஒன்று தவறாமல் இருக்கிறது. என்னிடம் கேட்பதில்லை. தேறிவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.