ஒரு ஸ்பூன், இரண்டு நிமிடம்

மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நள்ளிரவில் வாந்தி ஆரம்பித்தது. விடிவதற்குள் ஆறு முறை வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் (உடம்பு இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும் பொடி) கரைத்து டம்ளரோடு நீட்டினேன். மடமடவென்று குடித்தாள், அடுத்த நிமிடமே அத்தனையும் வெளியே வந்துவிட்டது.

காலையில் டாக்டர் அவள் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். சட்டென்று சமமானது. மடிப்பு மெதுவாக மறைந்தால் உடம்பில் நீர் குறைந்திருக்கிறது என்று அர்த்தமாம். அழும்போது கண்ணீர் வருகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனாள் என்றும் கேட்டார். ஆன்டிபயாடிக் வேண்டாமா என்றேன். பெரும்பாலும் இது வைரஸ்தான், அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது என்றார். மலத்தில் ரத்தம் வந்தால் கதையே வேறு, உடனே வரச் சொன்னார். பெரியவர்களுக்கான, போக்கை நிறுத்தும் மாத்திரையைக் கொடுக்கவே கூடாது என்றார்.

வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, அப்புறம் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் ஓஆர்எஸ். அவ்வளவுதான் வித்தை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மடியில் வைத்து ஊட்டினேன். வழக்கமான சாப்பாட்டையும் நிறுத்தவில்லை.

டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தது துத்தநாக (ஜிங்க்) மருந்து, தினம் 20 மில்லிகிராம், 14 நாள். (ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் 10.) மூன்றாம் நாளே போக்கு நின்றது, மருந்தையும் நிறுத்தப் பார்த்தேன். நல்லவேளை, சீட்டை எடுத்து மறுபடி படித்தேன்.

முதல் நாள் மதியம் நனைந்த டயப்பரைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சே வந்தது.