துண்டு வெட்டிய பிறகு

ஐந்து மாதத்துக்குள் மூன்று தடவை அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். படுத்தால் மூச்சு முட்டும் என்று இரவெல்லாம் சாய்மனைக் கதிரையிலேயே இருப்பார். காலை விரலால் அழுத்தினால் குழி விழும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து மண்முனைப் பாலத்தைத் தாண்டி ஓடுவோம். 2014இல் அந்தப் பாலம் திறக்கும்வரை வாவியைப் 'பாதை' என்கிற மிதவைப் படகில்தான் கடந்தோம். அந்தக் காலமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறும். நாலைந்து நாளில் நீர் வடிந்து தேறுவார், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆறேழு வாரத்தில் மறுபடியும் அதே ஓட்டம்.

அவருக்கு இதயச் செயலிழப்பு. அந்தச் சொல்லைக் கேட்டதுமே அம்மா அழுதுவிட்டார். இதயம் நின்றுபோவதல்ல அது. இரத்தத்தைத் தள்ளும் பலம் குறைகிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் தேக்கிக்கொள்கிறது. அந்த நீர் காலிலும் நுரையீரலிலும் சேர்கிறது. இதை எங்களுக்கு விளங்கும்படி சொன்னவர் மூன்றாம் தடவை வார்டில் இருந்த ஒரு தாதி. "வீட்டில் ஐயா விழுங்குகிற எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், ஒன்றையும் விடவேண்டாம்" என்றார்.

பையைக் கட்டிலில் கொட்டியபோது, முழங்கால் வலிக்கென்று அப்பா கடையில் வாங்கிவைத்திருந்த டைக்ளோபினாக் அட்டைகள் விழுந்தன. நாற்பது வருடம் வயலில் நின்ற முழங்கால், வலி பொய்யில்லை. ஆனால் அந்த மாத்திரை உப்பையும் நீரையும் உடம்பில் பிடித்துவைக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கு ஆகவே ஆகாது. நீரிறக்கும் மாத்திரை ஒரு பக்கத்தால் வயலை வடியவைக்க, இது மறுபக்கத்தால் வாய்க்காலைத் திறந்துவிட்டிருக்கிறது. வலிக்கு வேறு மருந்தை வைத்தியர் எழுதித் தந்தார்.

தாதி அதோடு விடவில்லை. நீரிறக்கும் மாத்திரையான பியூரோசமைட் அட்டையை எண்ணினார். இருக்கவேண்டியதைவிடக் கூடுதலாக மாத்திரைகள் மிஞ்சியிருந்தன. அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதைப் போட்டால் அடிக்கடி ஒன்றுக்குப் போகவேண்டும் பிள்ளை. பஸ்ஸில் நான் என்ன செய்வது?" என்றார். பட்டினத்துக்குப் போகிற நாளெல்லாம் போடாமல் விட்டிருக்கிறார், கிளினிக் நாள் உட்பட. எழுபது வயது மனிதர் இந்த வெட்கத்தைத் தனியாகச் சுமந்திருக்கிறார், பக்கத்தில் இருந்த நான் ஒரு நாளும் கேட்கவில்லை. அது இன்றும் எனக்கு வலிக்கிறது. பயண நாளில் வீடு திரும்பியபின் போடலாம், விடத்தான் கூடாது என்று வைத்தியர் சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்தது.

முதல் இரண்டு தடவையும் துண்டைக் கையில் வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருந்தோம். இந்தத் தடவை நான் நகரவில்லை. எந்த மாத்திரை நின்றது, எது புதிது, எந்த அறிகுறிக்குக் கிளினிக் திகதியைப் பார்க்காமல் வரவேண்டும் என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் தமிழில் எழுதிக்கொண்டேன்.

உப்புத்தான் பெரும்பாடு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. கருவாடும் அப்பளமும் ஊறுகாயும் அந்தக் கணக்குக்குள்தான். கருவாடில்லாத சோறா என்று அப்பா இரண்டு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா தேசிக்காயும் கொறுக்காயும் மிளகும் கூட்டிச் சமைத்துப் பார்த்தார். மீன்குழம்பு ஒத்துவந்தது, சொதி ஒத்துவரவில்லை.

ஒரு தராசும் வாங்கினோம். காலையில் சிறுநீர் கழித்தபின், தேநீர் குடிக்குமுன், அதே சாரனோடு ஏறி நிற்பார். அம்மா நாட்காட்டித் தாளில் எழுதுவார். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதையல்ல, நீர். மூச்சு முட்டுவதற்குப் பல நாள் முன்பே தராசு சொல்லிவிடும்.

கொக்கட்டிச்சோலைத் திருவிழாவுக்கு உறவினர் வந்து தங்கிய வாரத்தில் 58 கிலோவாக இருந்த எடை 60 கிலோ 300 கிராம் ஆனது. விருந்துச் சாப்பாடு. அப்பாவுக்கு ஒரு கரைச்சலும் தெரியவில்லை, "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்றார். அடுத்த நாள் காலையிலேயே கூட்டிப்போனோம். நடந்தே உள்ளே போனார். வைத்தியர் சில நாட்களுக்கு மாத்திரையின் அளவைக் கூட்டினார், இரத்தம் சோதித்தார், வார்டில் சேர்க்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தோம்.

கிழித்த நாட்காட்டித் தாள்களையெல்லாம் அம்மா கிளினிக் கொப்பிக்குள் மடித்துவைத்திருக்கிறார். இப்போது வைத்தியர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.