மாரி முடிய வாசித்த நாவல்கள்

ஜனவரி 6

இலங்கையின் வடக்கே, எங்கள் வன்னியில் கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ நாவலை டோர்ச் வெளிச்சத்தில் முடித்தேன். பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுத்துக்கொண்டு போகிற கதைக்கு இதைவிடத் தோதான வெளிச்சம் கிடையாது. வக்கீல் கணேஷ் மூளையால் யோசிக்கிறார், அவருடைய உதவியாளன் வசந்த் வாயால் யோசிக்கிறான். வசந்த் இல்லாத பக்கங்கள் கொஞ்சம் சோர்கின்றன. முதல் பாதியில் பயம் உண்மையாகவே ஏறுகிறது. விளக்கம் சொல்லத் தொடங்கியதும் அது இறங்கிவிடுகிறது. என்னைக் கேட்டால் விளக்கத்தைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். லீனாதான் பெரிய ஏமாற்றம். அவ்வளவு சொத்துக்கு உரித்துக்காரி, ஆனால் சொந்தமாக ஒரு யோசனை கிடையாது.

பதினொரு மணிபோல வயல் பக்கம் யானை விரட்டுகிற வெடி கேட்டது. அத்தோடு சுஜாதாவின் பேய் போன இடம் தெரியவில்லை.

ஜனவரி 16

பொங்கலுக்கு மச்சாள் கனடாவிலிருந்து வந்து நிற்கிறார். எனக்கென்று நாவல்கள் கொண்டுவந்திருக்கிறார், எல்லாமே போர் நாவல்கள். “வன்னியில இருக்கிற நீங்கள் இதுகளை வாசிக்கத்தானே வேணும்” என்கிறார்.

“மச்சாள், கொலைக்கதை ஒன்றும் கிடைக்கேல்லையோ?” என்று கேட்டேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார். கனடாவில் இருக்கிறார் என்பதற்காக நான் அவருக்குப் பனி கொட்டுகிற நாவலாகத் தேடி அனுப்புவதில்லையே. புத்தகங்களை அலுமாரியில் அடுக்கிவிட்டேன். இப்போதைக்கு இருக்கட்டும்.

ஜனவரி 25

தங்கச்சியின் மகன் ‘பொன்னியின் செல்வன்’ படத்தைப் பார்த்துவிட்டு, “எங்கட ஆனையிறவு கதையில வருதாமே, உண்மையோ?” என்று கேட்டான். அதைச் சாட்டாக வைத்து இரண்டாம் பாகமான ‘சுழற்காற்’றை மட்டும் திரும்ப எடுத்தேன். பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகு வலித்து வந்தியத்தேவனைக் கொண்டுவந்து விடுகிறாள். அப்புறம் மாதோட்டம், அநுராதபுரம் என்று பாகத்தில் பெரும்பகுதி இந்தப் பக்கந்தான். யானையிறவுத் துறையும் வருகிறது என்று அவனுக்குக் காட்டினேன். மாதோட்டம் என்பது மன்னாரில் திருக்கேதீச்சரம் இருக்கிற இடம் என்றதும், “அப்ப பஸ்ஸிலயே போகலாமே” என்றான்.

கல்கியின் காடு சாகசம் செய்ய வருகிறவனுடைய காடு. யானை மிரளும், குதிரை பறக்கும், யாரோ மரத்துக்குப் பின்னால் நிற்பார்கள். அங்கே வயல் செய்கிறவனைத் தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. சரி, அது அவர் எழுத வந்த கதையுமல்ல. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர் என்பதால் அத்தியாயம் முடிகிற இடமெல்லாம் ஒரு கொக்கி. ஒரே மூச்சாக வாசித்தால் அந்தக் கொக்கிகளே களைப்பாக்கிவிடும். அருள்மொழிவர்மன் அளவுக்கு மிஞ்சின நல்லவர். நந்தினி வாய் திறந்தால்தான் நான் நிமிர்ந்து உட்காருகிறேன்.

பெப்ரவரி 9

அறுவடை. வெட்டு மெசின் பக்கத்து வயலில் நின்றது. எங்கள் முறை வரும்வரை வரம்பில் குந்தியிருந்து ‘என் இனிய இயந்திரா’. சுஜாதா எண்பதுகளில் எழுதியபோது 2021 எட்டாத தூரத்து எதிர்காலம், இப்போது அது கடந்துபோன ஒரு வருடம். பெயர் இரண்டெழுத்துக்கு மேல் போகக்கூடாது, பிள்ளை பெற அரசாங்க அனுமதி வேண்டும் என்கிற இடங்களில் சிரிப்பு வரவில்லை. நாய் இயந்திரம் ஜீனோ பேசினால் மட்டும் வருகிறது. கதாநாயகி நிலாவைவிட அதற்குத்தான் விவேகம் கூட. கடைசிப் பகுதி அவசரம்.

பெப்ரவரி 17

முல்லைத்தீவுச் சந்தைக்குப் போன இடத்தில் மீன் விலை கேட்டு ஒன்றும் வாங்காமல் திரும்பினேன். வீட்டில் வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ காத்திருந்தது. 1977இல் வந்த சிறிய நாவல். தமிழ்நாட்டுக் கடற்கரை ஊரான மணப்பாட்டில், வல்லம் என்கிற மரப்படகு வைத்திருக்கிற வல்லக்காரருக்கும் இயந்திரப் படகு வைத்திருக்கிற லாஞ்சுக்காரருக்கும் பகை. இங்கே கரைக்குப் போனால் றோலர் (இழுவைப் படகு) இழுத்துக் கிழித்த வலையைக் காட்டி ஏசுகிற ஆட்களைக் காணலாம். அதனால் அந்தப் பகையை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆனால் நாவல் பகையோடு நின்றுவிடவில்லை. மகன் செபஸ்தி வீட்டையும் வல்லத்தையும் வித்துவிட்டு வரச் சொல்லி நெருக்குகிறான். அப்பன் குரூஸ் மிக்கேல் அசையவில்லை. அதற்குக் காரணம் என்று நீளமாக ஒரு பேச்சும் இல்லை. காதலன் சாமிதாஸ் கைவிட்டுப் போன பிறகும் மகள் பிலோமிக்கு அவனை வெறுக்க வரவில்லை. வேறொருவர் எழுதியிருந்தால் அவளை அழவைத்துப் பத்துப் பக்கம் நிரப்பியிருப்பார். இந்த மாரிக்கு வாசித்ததில் எழுத்து என்று பார்த்தால் இதுதான் முதலிடம்.

மார்ச் 2

ஈழத்து நூல்களைச் சேர்த்துவைத்திருக்கிற ‘நூலகம்’ இணையத்தளத்தில் அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ கிடக்கிறது. கைபேசியில் பெரிதாக்கிப் பெரிதாக்கி வாசித்தேன். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. எழுதியவர் பக்கத்துத் தண்ணீரூற்றுக்காரர், கதை நடக்கிற இடம் முல்லைத்தீவுப் பக்கத்துக் காட்டோரக் கிராமமான தண்ணிமுறிப்பு. எனக்கு இது வெளிநாட்டு நாவல் அல்ல, அயல்வீட்டு நாவல். அதனால் இரக்கம் பார்க்காமலே வாசித்தேன்.

நாயகி பதஞ்சலி அருமையான படைப்பு. அவளுடைய வெகுளித்தனத்தைப் பாலமனோகரன் சில இடங்களில் அளவுக்குமேல் ரசிக்கிறார் என்பது என் முறைப்பாடு. நிலக்கிளி உயரப் பறக்காது, இலேசாகப் பிடிபட்டுவிடும் என்கிற உவமையை அவள்மேல் முழுப்பாரமாக ஏற்றிவைத்திருக்கிறார். அவளுடைய புருஷன் கதிராமன் அப்படியில்லை. அவனைக் காட்டுக்குள் விட்டுவிட்டு அவர் ஒதுங்கி நிற்கிறார். வாத்தியார் சுந்தரம் வந்து சேர்ந்த பிறகு, படிப்பு ஒரு பக்கமும் காடு ஒரு பக்கமுமாக, எதுவும் நடக்காத பக்கங்களில்கூட நெஞ்சு படபடக்கிறது.

பெரியப்பா இளவயதில் குமுளமுனைப் பக்கம் வேட்டைக்குத் திரிந்தவர். அவருக்குச் சில பக்கங்களை வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “காட்டுக்குள்ள போறவன் இவ்வளவு கதைக்க மாட்டான், பிள்ளை” என்றார். பிறகு, “ஆனா காடு சரி” என்றார்.

1984இல் போரால் தண்ணிமுறிப்புச் சனம் எழும்பி ஓடியது. நாவலில் அதற்கு முந்திய தண்ணிமுறிப்பு இருக்கிறது: குளம், காடு, வெட்டிச் சுட்டு விதைக்கிற நிலம், ஒருவர்மேல் ஒருவருக்கு எரிச்சல். ஷெல் சத்தமில்லாத வன்னியை நான் பெரியவர்கள் வாயால் கேட்டதுதான் அதிகம். மச்சாளுக்கு இதன் இணைப்பை அனுப்பினேன்.

மார்ச் 15

அலுமாரியிலிருந்து ஒன்றை எடுத்தாகிவிட்டது. சயந்தனின் ‘ஆதிரை’, 2015இல் வந்தது, 600 பக்கங்களுக்கு மேல். பகலில் மட்டும் வாசிக்கிறேன்.

போர் நாவல் என்று ஒதுக்கிவைத்தேன், உள்ளே வேறு விஷயமும் நிறைய இருக்கிறது. 1977 கலவரத்தில் மலையகத்திலிருந்து துரத்தப்பட்டு வன்னிக் காட்டோரம் வந்து குடியேறிய சனத்திலிருந்து கதை விரிகிறது. ‘வன்னிச் சனம்’ என்று ஒரே ஒரு சனம் இல்லை என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். பிறகு வந்து குடியேறியவர்களை ஒரு படி கீழே வைத்துக் கதைக்கிற பழக்கம் எங்கள் ஒழுங்கைகளில் இன்னும் இருக்கிறது. மச்சாளுக்குப் பிடித்தது எந்தப் பகுதி என்று தெரியாது. எனக்கு இந்தப் பகுதிதான்.

முள்ளிவாய்க்காலுக்குக் கிட்ட வருகிற பக்கங்களைப் பற்றி என்னிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டாம், வாசித்தேன், அவ்வளவுதான். முன்பகுதி பற்றியென்றால் சண்டைக்கே வருவேன். ஆட்கள் கூடிப்போய்விட்டார்கள். ஒருவரோடு மனம் ஒட்டுவதற்குள் அடுத்த வீட்டுக்குக் கூட்டிப்போகிறார் சயந்தன். யாருக்கு யார் என்ன முறை என்று கொப்பியில் எழுதி வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறேன். பெயர்கள் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டன.