பி.ஏ. அரசியல் அறிவியல் முதலாண்டு: பாகூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அனுபவம்

இந்த ஆண்டு பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊர் பாகூர்ப் பக்கம், புதுச்சேரி எல்லைக்குள். ஸ்கூட்டியை எடுத்தால் கால் மணி நேரத்தில் முள்ளோடை. அதைத் தாண்டினால் கடலூர் மாவட்டம். பெரியம்மா வீடு புதுச்சேரி டவுனில், அத்தை வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

2021-இல் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் சேர்ந்தேன். முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வில் 25-க்கு 9 வாங்கினேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை மனப்பாடம் செய்தே நல்ல மதிப்பெண் எடுத்தவள் நான். விடைத்தாளைக் கையில் வாங்கியதும் அழுகையே வந்துவிட்டது. ‘அரசின் கூறுகளை விளக்குக’ என்பது கேள்வி. மக்கள் தொகை, நிலப்பரப்பு, அரசாங்கம், இறையாண்மை (தனக்கு மேல் வேறு யாரும் இல்லாத அதிகாரம்) என்று நான்கையும் வரிசையாக எழுதி, கடைசியில் ‘எடுத்துக்காட்டு: தமிழ்நாடு அரசு, புதுச்சேரி அரசு’ என்று முடித்திருந்தேன். அந்தக் கடைசி வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, ‘இவற்றுக்கு இறையாண்மை இருக்கிறதா?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார் மேடம். நான்காவது கூறு இறையாண்மை என்று நானே எழுதிவிட்டு, அது இல்லாத இரண்டை எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறேன். எழுதியதில் ஒரு சொல்லையும் நான் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

வகுப்பு முடிந்து போய்க் கேட்டேன். “ஒரு வாரம் பேப்பர்ல ‘அரசு’ன்னு எங்க பார்த்தாலும் அடியில கோடு போடு. அது எந்த அரசுன்னு பக்கத்துல எழுதிக்கிட்டு வா” என்றார். அப்பா படித்து முடித்த நாளிதழை எடுத்து வைத்து, ஏழு நாளும் பேனாவும் கையுமாக உட்கார்ந்தேன். இந்தப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அதுதான். அதனால் அதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன்.

நாம் தமிழில் ‘அரசு’ என்று சொல்லும்போது பெரும்பாலும் அரசாங்கத்தைத்தான் சொல்கிறோம். அரசு விடுமுறை அறிவித்தது, அரசு மீது எதிர்க்கட்சி குற்றச்சாட்டு என்று வரும் இடமெல்லாம் ஆட்சியில் இருப்பவர்கள்தான். அவர்கள் வருவார்கள், போவார்கள். 2021 மே மாதம் எங்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் புது ஆட்சி வந்தது. ஆனால் முந்தைய ஆட்சியில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு வேலை போகவில்லை. முந்தைய ஆட்சி வாங்கிய கடனும் இல்லாமல் போகவில்லை. ஆட்சி மாறினாலும் மாறாமல் நிற்கிற ஒன்று இருக்கிறது. பாடப்புத்தகம் ‘அரசு’ என்று சொல்வது அதை. அந்தப் பொருளில் இங்கே இருக்கும் ஒரே அரசு இந்தியா. தமிழ்நாடு அதன் ஒரு மாநிலம், புதுச்சேரி அதன் ஒரு யூனியன் பிரதேசம்.

ஆங்கில வழியில் படிப்பவர்களுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. இறையாண்மை உள்ள நாடும் ‘ஸ்டேட்’, நம் மாநிலமும் ‘ஸ்டேட்’. இது போதாதென்று அரசமைப்பின் 12-ஆவது உறுப்பு மூன்றாவதாக ஒரு பொருள் தருகிறது: அடிப்படை உரிமைகள் பகுதிக்கு மட்டும் ஒன்றிய அரசாங்கம், நாடாளுமன்றம், மாநில அரசாங்கங்கள், சட்டமன்றங்கள், உள்ளாட்சி அமைப்புகள் எல்லாமே ‘அரசு’. அதனால் விடையின் முதல் வரியிலேயே, இந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரியைப் பார்த்ததுமே திருத்துகிறவருக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். எனக்கு அடுத்த தேர்வில் 25-க்கு 19 வந்தது. அதில் பாதிக்கு இந்தப் பழக்கம்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

அடுத்து கூட்டாட்சி. அரசமைப்பின் ஏழாவது அட்டவணை, அதில் ஒன்றியம், மாநிலம், இரண்டுக்கும் பொது என்று அதிகாரங்களைப் பிரிக்கும் மூன்று பட்டியல்கள் என்று மனப்பாடம் செய்வதற்கு முன்னால் ஒரு மாலை முள்ளோடைக்குப் போய்ப் பெட்ரோல் பங்க்கில் நில்லுங்கள். டிஎன் 31 என்று எண் போட்ட கடலூர் வண்டிகள் வரிசையாக நிற்கும். இந்தப் பக்கம் பெட்ரோல் விலை குறைவு. அதே பெட்ரோல், அதே சாலை. விலை மட்டும் ஏன் மாறுகிறது? 2016-இல் வந்த 101-ஆவது திருத்தம் ஜிஎஸ்டிக்கு வழி செய்தபோதும், பெட்ரோல், டீசல், குடிக்கிற மது ஆகியவற்றின் விற்பனை வரி மாநிலப் பட்டியலின் 54-ஆவது பதிவில் அப்படியே இருக்கிறது. தமிழ்நாடு ஒரு விகிதம் வைக்கிறது, புதுச்சேரி ஒரு விகிதம் வைக்கிறது. இதை எடுத்துக்காட்டாக எழுதினால் பட்டியல்கள் வெறும் பட்டியலாக இருக்காது.

ஆனால் இங்கேயே இன்னொரு கேள்வியும் எழும்ப வேண்டும். புதுச்சேரி மாநிலமே இல்லையே, மாநிலப் பட்டியலில் அதற்கு என்ன வேலை? இந்தக் கேள்வி உங்களுக்குத் தானாகத் தோன்றிவிட்டால் படிப்பு சரியான வழியில் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். 1962-இல் 14-ஆவது திருத்தம் 239அ உறுப்பைச் சேர்த்தது. அதன் அடிப்படையில் 1963-இல் யூனியன் பிரதேசங்களின் ஆட்சிக்கான சட்டம் வந்தது. அந்தச் சட்டம்தான் நம் சட்டமன்றத்துக்கு அதிகாரம் கொடுத்தது. அதே சமயம், 246-ஆவது உறுப்பின் 4-ஆவது கூறுப்படி, யூனியன் பிரதேசத்துக்காக மாநிலப் பட்டியலில் உள்ள பொருளிலும் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம். தமிழ்நாட்டுக்கு அப்படிச் செய்வதற்கு அரசமைப்பு சில சிறப்புச் சூழல்களில் மட்டுமே இடம் தருகிறது. முள்ளோடை எல்லைக் கோட்டுக்கு இருபுறமும் உள்ள வேறுபாடு இதுதான்.

சட்டமன்றப் பெரும்பான்மை என்ற பாடத்துக்கு, புதுச்சேரியில் பெரும்பான்மை இழந்து ஆட்சி கவிழ்ந்த 2021 பிப்ரவரி 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா டிவி முன்னால் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. புதுச்சேரி சட்டமன்றத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 30 பேர். மத்திய அரசு நியமிக்கக்கூடியவர்கள் 3 பேர். அன்று பதவி விலகல்களுக்குப் பிறகு அவையில் 26 பேர்தான் இருந்தார்கள். ஆளும் கூட்டணிக்கு 12, எதிர்த்தரப்புக்கு 14. அந்த 14-இல் 3 பேர் நியமன உறுப்பினர்கள். நியமன உறுப்பினர்களும் வாக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பரிலேயே தீர்ப்பளித்திருந்தது. அவர்களை எடுத்துவிட்டு எண்ணினால் 12-க்கு 11. எந்தக் கட்சியை ஆதரிக்கிறீர்கள் என்பது வேறு. தேர்ந்தெடுக்கப்படாதவரின் வாக்கு ஓர் ஆட்சியின் ஆயுளைத் தீர்மானிக்கலாமா என்ற கேள்வியை இரண்டு பக்கமும் நின்று உங்களால் எழுத முடிகிறதா? கல்லூரி எதிர்பார்ப்பது அதைத்தான். சொந்தக் கட்சிப் பாசத்தை விடைத்தாளில் காட்டி மதிப்பெண் இழந்தவர்கள் எங்கள் வகுப்பில் நிறைய பேர்.

ஒப்பீட்டு அரசியல் எனக்குப் பிடித்த தாளாக மாறியதற்குக் காரணம் பெரியம்மா தெருவில் இருந்த ஒரு சொல்தா தாத்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்குகிறவர்களைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். 2022 ஏப்ரல் 10, ஞாயிற்றுக்கிழமை. தேய்த்த வெள்ளைச் சட்டையோடு தாத்தா பிரெஞ்சு அதிபர் தேர்தலில் ஓட்டுப் போடப் புறப்பட்டார். இரண்டு வாரம் கழித்து 24-ஆம் தேதியும் அதே சட்டை, அதே வேகம்.

“என்ன தாத்தா, போன தடவதான ஓட்டுப் போட்டீங்க?” என்று கேட்டேன்.

“அது மொத சுத்து பாப்பா. பன்னெண்டு பேர் நின்னாங்க. பாதிக்கு மேல யாருக்கும் கெடைக்கல. மொத ரெண்டு எடத்துல வந்தவங்களுக்கு மட்டும் இன்னிக்கு” என்றார்.

அறுதிப் பெரும்பான்மை (பாதிக்கு மேல்), சார்புப் பெரும்பான்மை (மற்றவர்களைவிட அதிகம்) என்று இரண்டு வாரமாகக் குழம்பிக்கொண்டிருந்தது அந்தத் திண்ணையில் தெளிந்தது. நம் தொகுதியில் மூன்று பேர் நின்று 40, 35, 25 விழுக்காடு வாங்கினால் 40 வாங்கியவர் வென்றார், கதை முடிந்தது. 60 பேர் வேண்டாம் என்றது கணக்கில் வராது. பிரான்சில் 40-உம் 35-உம் மறுபடி மோத வேண்டும். அந்த 25 பேர் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்பது முடிவை மாற்றும். இங்கே தேர்தலுக்கு முன்பே கூட்டணி பேசுவதற்கும், அங்கே முதல் சுற்றில் இத்தனை பேர் துணிந்து நிற்பதற்கும் இந்த விதி ஒரு காரணம். துவெர்ஜே என்ற பிரெஞ்சு அறிஞர் தேர்தல் முறைக்கும் கட்சிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சொன்னதை இதற்குப் பிறகு படித்துப் பாருங்கள், ஒரே வாசிப்பில் பிடிபடும்.

குடியுரிமை என்ற தலைப்பும் அந்தத் தாத்தா வீட்டிலேயே இருந்தது. பிரான்ஸ் தன் ஆட்சியில் இருந்த புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கே குடியிருந்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தாத்தாவின் அப்பா எழுதிக் கொடுத்தார், சித்தப்பா கொடுக்கவில்லை. அதனால் ஒரே குடும்பம், ஒரே மொழி, ஒரே குலதெய்வம். ஒருவருக்கு பிரான்ஸ் அதிபர் தேர்தலில் ஓட்டு, சித்தப்பா பிள்ளைகளுக்கு முத்தியால்பேட்டைத் தொகுதியில் ஓட்டு. தேசம் வேறு, அரசு வேறு, குடியுரிமை வேறு என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை. கடலூர்க்காரர்கள், உங்கள் உறவிலும் கேட்டுப் பாருங்கள். இப்படி ஒரு குடும்பமாவது இருக்கும்.

சிந்தனையாளர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர், பிறந்த ஆண்டு, மேற்கோள் என்று படித்தால் ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரும் கலந்துவிடுவார்கள். ஒவ்வொருவரும் எதற்கு அஞ்சினார் என்று கேளுங்கள். இங்கிலாந்து உள்நாட்டுப் போரைக் கண்ட ஹாப்ஸ் (நூல் வந்த ஆண்டு 1651) அஞ்சியது ஒழுங்கின்மைக்கு. லாக் (1689) அஞ்சியது எல்லை மீறும் ஆட்சியாளருக்கு. ரூசோ (1762) அஞ்சியது மனிதன் மனிதனுக்கு அடிமையாகும் சமத்துவமின்மைக்கு. மீதி விடை இதிலிருந்து தானே வளரும்.

இந்தியச் சிந்தனை தாளில் கௌடில்யர் அரசுக்குச் சொன்ன ஏழு உறுப்புகள் வரும். எனக்கு அவை மறந்துகொண்டே இருந்தன. ஒருநாள் “படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும்” என்ற குறள் நினைவுக்கு வர, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தண்டம் படை, ஜனபதம் குடி, கோசம் கூழ், அமாத்யர் அமைச்சு, மித்ரர் நட்பு, துர்க்கம் அரண். ஆறையும் உடைய அரசனையும் சேர்த்தால் ஏழு. அதன் பிறகு மறக்கவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றே என்று எழுதிவிடாதீர்கள். இரண்டுமே மன்னராட்சிக் காலத்துப் பார்வை. 1933 மான்டிவிடியோ உடன்படிக்கை ஓர் அரசுக்குச் சொல்லும் நான்கு தகுதிகளோடு ஒப்பிட்டு, எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று எழுதினால்தான் அது விடை.

படிக்க என்ன வாங்குவது என்று நிறைய பேர் கேட்கிறார்கள். கைடு மட்டும் வேண்டாம். தமிழ்நாடு பாடநூலின் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. கலைச்சொற்களுக்கு அது போதும். என்சிஇஆர்டி பதினொன்றாம் வகுப்புப் புத்தகங்கள் இரண்டும் ஆங்கிலத்தில் எளிமையாக இருக்கும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பாடங்களும் இணையத்தில் இலவசம். அரசமைப்பின் தமிழாக்கத்தைத் தினம் இரண்டு உறுப்பு வீதம் நேரடியாகப் படியுங்கள். புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்தில் சனிக்கிழமைகளில் உட்கார்ந்துதான் நான் குறிப்பெடுத்தேன்; வீட்டில் எனக்கு அந்த அமைதி இல்லை. வாரத்துக்கு இரண்டு பத்து மதிப்பெண் விடைகளையாவது கடிகாரம் வைத்து எழுதுங்கள். படித்தது வேறு, எழுத வருவது வேறு என்று அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் செமஸ்டரில் 75-க்கு 58 வாங்கினேன். இறையாண்மை பற்றிய கேள்விக்கு கீழூரை எழுதினேன். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-இல்தான். இடைப்பட்ட ஏறத்தாழ எட்டு ஆண்டுக் காலத்தில் இந்த மண்ணின் இறையாண்மை யாரிடம் இருந்தது? நடைமுறையில் இந்தியாவிடம், சட்டத்தில் பிரான்சிடம். இறையாண்மையைப் பிரிக்க முடியாது என்ற பழைய வரையறையை இந்த எட்டு ஆண்டுகளோடு மோதவிட்டுப் பாருங்கள்.

அதிலிருந்தே ஒரு பயிற்சிக் கேள்வி. 1949-இல், வங்காளத்தில் இருந்த பிரெஞ்சுப் பகுதியான சந்திரநாகூரில் மக்களே நேரடியாக வாக்களித்தார்கள். கீழூரில் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். கீழூரில் நடந்ததைப் பொது வாக்கெடுப்பு என்று சொல்லலாமா? இதை ஐந்து மதிப்பெண் விடையாக ஒரு பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நான் எழுதிக் காட்டியபோது மேடம் 5-க்கு 3 போட்டார். ‘170 பேரைப் பற்றி நன்றாக எழுதியிருக்கிறாய். அந்த எட்டுப் பேர் ஏன் எதிர்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லையே?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.