காட்பாடியில் மேகப் பெட்டி: மூன்றாவது முயற்சி

தெரிந்துவிட்டது! ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு, டார்ச் வெளிச்சத்தில், நூலிழை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு நேராக ஓடிக் கரைந்தது. கத்தி அக்காவைக் கூப்பிட்டேன். மேகப் பெட்டி என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கடந்துபோகும் தடத்தை ஆவித்துளிகளால் காட்டும் பெட்டி.

பழைய மீன்தொட்டியைக் கவிழ்த்து, மேல்பக்கம் உள்ளே கம்பளித் துணி ஒட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவிட்டேன். கீழே கறுப்பு பெயின்ட் அடித்த அலுமினியத் தகடு, அதற்கடியில் உலர் பனி, மைனஸ் 78 டிகிரி. இறங்கிவரும் ஆவி தகட்டருகே துளியாவதற்குச் சாக்குத் தேடிக்கொண்டு நிற்கும். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று கடந்தால் வழியெல்லாம் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற அணுக்களும் மூலக்கூறுகளும். அவற்றின்மேல் துளிகள் கட்டும். அதுதான் கோடு.

முதல் முறை வேலூர் வெயில் கெடுத்தது. சென்னையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் வந்த பனியில் பாதி வழியிலேயே போய்விட்டது. அடுத்த முறை ஓரத்தில் காற்று புகுந்து மூட்டம் கலங்கியது. இப்போது சுற்றிலும் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை அப்பியிருக்கிறேன். டார்ச்சைப் பக்கவாட்டில், தகட்டை ஒட்டிப் பிடியுங்கள். செய்பவர்கள் ஜன்னலைத் திறந்துவையுங்கள், பனி முழுக்க கார்பன் டை ஆக்சைடு. ஆல்கஹால் இருப்பதால் பக்கத்தில் நெருப்பும் வேண்டாம்.

குட்டையான, தடித்த கோடுகள் காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு தரும் ஆல்ஃபா துகள்கள், அதாவது ஹீலியம் அணுக்கருக்கள். நீளமாக, நேராகப் போகிறவற்றில் பெரும்பாலானவை மியூவான்கள், எலக்ட்ரானின் கனத்த உறவினர்கள். வெடித்த விண்மீன்களின் மிச்சங்களில் வேகம் பிடித்த புரோட்டான்கள் நம் காற்றில் மோத, சுமார் 15 கிலோமீட்டர் உயரத்தில் பிறப்பவை. இவற்றின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடிதான். ஒளியின் வேகத்தில் வந்தாலும் 660 மீட்டர் தாண்டுவதற்குள் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவ்வளவு வேகத்தில் போகும் துகளின் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது. அதனால் என் தொட்டிவரை வந்துவிடுகின்றன. ஐன்ஸ்டீன் சொன்னதைச் சாப்பாட்டு மேஜைமேல் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் தாத்தா நினைவுக்கு வந்தார், கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். நம் வடஆற்காட்டிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் போன இடம் அது. அங்கே 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், இந்த மியூவான் மழையைப் பாறையால் தடுத்துத்தான், 1965-இல் காற்றுமண்டல நியூட்ரினோவைப் பிடித்தார்கள். அதே புரோட்டான் மோதல்களிலிருந்து வரும், பாறையையும் ஏறக்குறைய தடையின்றிக் கடந்துவிடும் துகள் அது. புரோட்டானை விண்வெளியின் காந்தப் புலங்கள் வளைத்துவிடும், வந்த திசை தொலைந்துபோகும். மின்னூட்டமில்லாத நியூட்ரினோ வளையாது, அதனால் தான் பிறந்த இடத்தின் திசையைக் காட்டும்.

பனி இன்னும் கால் கிலோ இருக்கிறது. அக்கா விளக்கை அணைத்துவிட்டு மறுபடி தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.