டேட்டாபேஸ் செமினார் எடுக்கப் போறீங்களா? பேப்பரைப் பின்னாலிருந்து படியுங்கள்

கிரேடு வந்துவிட்டது, தப்பித்தேன். ஜூனியர்கள் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். வாராவாரம் பேப்பர், ரிவ்யூ, ஒரு பிரசன்டேஷன், கடைசியில் புராஜெக்ட் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடலாம்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம்தான்: எக்ஸ்பெரிமென்ட் பகுதியை முதலில் படிப்பது. முன்னுரையை நம்பினால் எல்லாப் பேப்பரும் உலகத்தையே புரட்டிப் போட்டுவிடும். எதோடு ஒப்பிட்டார்கள், அதை எந்த நிலையில் ஓடவிட்டார்கள் என்று பாருங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ்தான் எதிராளி என்றால் நான் முதலில் தேடுவது ஷேர்டு பஃபர்ஸ் அளவை, அதாவது டேட்டாவை வைத்துக்கொள்ள அது ஒதுக்கும் மெமரியை. டிஃபால்ட் 128 எம்பி. வரிசைப்படுத்துவது போன்ற வேலைகளுக்கான மெமரியான வொர்க் மெம் வெறும் 4 எம்பி, அதனால் கொஞ்சம் பெரிய சார்ட் (வரிசைப்படுத்தல்) வந்தாலே டிஸ்க்குக்குப் போய்விடும். பெரிய சர்வரில் இதையெல்லாம் தொடாமல் ஓட்டிவிட்டு 'பல மடங்கு வேகம்' என்று எழுதினால், காலைக் கட்டிப்போட்டவனை ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்த கதைதான். செட்டிங் பற்றி ஒரு வரியும் இல்லையா, ரிவ்யூவின் முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

அடுத்தது டேட்டா. டிபிசி-ஹெச் என்ற செயற்கை டேட்டா பென்ச்மார்க்கில் மதிப்புகள் சீராகப் பரவியிருக்கும், குவெரியை எப்படி ஓட்டுவது என்று முடிவெடுக்கும் ஆப்டிமைசர், எத்தனை வரிசைகள் வரும் என்று போடும் கணிப்பு அங்கே பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். நிஜ டேட்டாவில் என்ன ஆகும் என்று பார்க்க 2015-இல் லைஸ் குழுவினர் எழுதிய பேப்பரைப் படியுங்கள்; ஐஎம்டிபி டேட்டாவின் மேல் 113 குவெரிகள். அதைத்தான் நான் பிரசன்ட் செய்தேன். டேபிள்களை இணைக்கும் ஜாயின்களின் எண்ணிக்கை கூடக்கூட கணிப்பு உண்மையை விடக் கீழே கீழே இறங்கும் அந்த ஒரு கிராஃபிலேயே பாதி நேரம் நின்றேன், யாரும் தூங்கவில்லை. (வணிக சிஸ்டங்களை அதில் ஏ, பி, சி என்றுதான் குறித்திருப்பார்கள். அனுமதியில்லாமல் பென்ச்மார்க் முடிவை வெளியிடக் கூடாது என்று லைசன்ஸில் போடுகிற டிவிட் கிளாஸ் பற்றித் தேடிப் பாருங்கள், நல்ல கதை.)

எந்தப் பேப்பருக்கும் கேட்கலாம்:

- கிராஃபின் அச்சு லாக் ஸ்கேலா (1, 10, 100 என்று மடங்குகளில் ஏறுகிறதா)?
- மொத்த டேட்டாவும் ரேமுக்குள் அடங்கிவிடுகிறதா?
- புது டேட்டா இன்சர்ட் ஆனால்? டேட்டாவைத் தேடிப் பிடிக்கும் இண்டெக்ஸுக்குப் பதில் மெஷின் லேர்னிங் மாடலை வைக்கும் 2018-இன் லேர்ன்டு இண்டெக்ஸ் பேப்பர் பெரும்பாலும் படிக்க மட்டும் செய்கிற வேலைக்கானது, 2020-இல் அலெக்ஸ் என்ற அதே வகை இண்டெக்ஸ் வந்துதான் அப்டேட்டைக் கவனித்தது.
- கோட் கிடைக்கிறதா?

விவாதத்துக்கு மார்க் உண்டு, அது சத்தமாகப் பேசுகிறவர்களுக்கே போகிறது, இதில் எனக்கு இன்னும் கடுப்புதான். என்னைப் போல வாய் திறக்கக் கூச்சப்படுபவர் என்றால் கேள்விகளை முந்தின இரவே மெயிலில் அனுப்பிவிடுங்கள். மறுநாள் பேராசிரியரே அதை எடுத்து நம் பெயரைச் சொல்லி ஆரம்பிப்பார், அப்புறம் பேசாமல் இருக்க முடியாது.

புராஜெக்டுக்குப் புது இண்டெக்ஸ் கண்டுபிடிக்கக் கிளம்பாதீர்கள். கோட் வெளியிட்ட பேப்பராகப் பார்த்து, அதில் ஒரு கிராஃபை மட்டும் உங்கள் மெஷினில் வரவழையுங்கள். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று எழுதுங்கள், அதற்கும் மார்க் போடுகிறார்கள்.