நிலம் இல்லாமல் எஃப்.எஃப்.ஏ.: புள்ளி எங்கே கிடைக்கிறது, எங்கே நழுவுகிறது

அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் தேர்வு செய்யும் படிவத்தில் விருப்பப் பாடங்களுக்கு நடுவே 'வேளாண்மை' என்று ஒன்று பல பள்ளிகளில் இருக்கும். நமக்கு ஏது நிலம், ஏது மாடு என்று அதை அப்படியே தாண்டிப் போய்விடுகிறோம். அந்தப் பாடத்தோடு ஒட்டி வருவதுதான் எஃப்.எஃப்.ஏ. என்ற மாணவர் அமைப்பு. அது போட்டிகள் நடத்துகிறது; மாணவர் செய்த வேலையின் பதிவேட்டைப் பார்த்துப் பட்டங்களும் தருகிறது. நிலம் இல்லாத பிள்ளைகள் இதில் பின்தங்குவதற்குக் காரணம் நிலம் அல்ல. பதிவேட்டை நாள்தோறும் எழுதாமல் விடுவது ஒன்று, பார்த்ததைக் காரணத்தோடு சொல்லப் பழகாதது இன்னொன்று. இரண்டையும் அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டே கற்கலாம்.

முதலில் கொஞ்சம் வரலாறு. பேச்சுப் போட்டியில் நடுவர்கள் கேட்கும் கேள்விகள் இங்கிருந்தும் வரும். 1917-இல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம் பள்ளிகளில் வேளாண் கல்விக்கு மத்திய அரசுப் பணம் கொடுத்தது. அதோடு ஒரு நிபந்தனையும் வைத்தது: ஆண்டுக்குக் குறைந்தது 6 மாதம் மாணவர் பண்ணையில் மேற்பார்வையோடு கைவேலை செய்ய வேண்டும். இன்று எஸ்.ஏ.இ. என்று அழைக்கப்படும் செய்முறைத் திட்டத்தின் வேர் அதுதான். 1928-இல் கான்சாஸ் சிட்டியில் 'அமெரிக்காவின் வருங்கால விவசாயிகள்' (Future Farmers of America, சுருக்கமாக எஃப்.எஃப்.ஏ.) என்ற பெயரில் அமைப்பு தொடங்கியது. நீல நிறக் கார்டுராய் ஜாக்கெட் 1933-இல் வந்தது. பெண்களுக்குத் தேசிய அளவில் கதவு திறந்தது 1969-இல்தான்.

பலரும் படிக்காமல் விடும் பகுதி ஒன்று உண்டு. பள்ளிகள் நிறவாரியாகப் பிரிந்திருந்த தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்களுக்கு என்.எஃப்.ஏ. ('அமெரிக்காவின் புதிய விவசாயிகள்') என்ற தனி அமைப்பு இருந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேல் உறுப்பினர்கள். 1965-இல் இரண்டும் இணைந்தன என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். அந்த இணைப்பில் என்.எஃப்.ஏ.வின் பெயரும் கறுப்பும் பொன்னுமான ஜாக்கெட்டும் தலைமைப் பொறுப்புகளும் மறைந்தன; கறுப்பின மாணவர் எண்ணிக்கையும் பிறகு சரிந்தது. அமைப்பின் வரலாற்றைப் பற்றிக் கேட்டால் இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

அடுத்த அடி 1980-களின் பண்ணைக் கடன் நெருக்கடி. 1970-களின் பிற்பகுதியில் 5 லட்சத்தைத் தொட்ட உறுப்பினர் எண்ணிக்கை 1990-களின் தொடக்கத்தில் 4 லட்சத்துக்கும் கீழே இறங்கியது. 1988-இல் 'விவசாயிகள்' என்ற சொல்லைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு மூன்றெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள். உணவு அறிவியல், கால்நடை மருத்துவம், மலர் அலங்காரம், மண், நீர், இயந்திரம் எல்லாம் உள்ளே வந்தன. இப்போது உறுப்பினர்கள் 10 லட்சத்துக்கு மேல். முதலாண்டு மாணவர் பேச்சுப் போட்டிக்கு மனப்பாடம் செய்யும் உறுதிமொழியை எழுதியவர் ஈ.எம். டிஃபனி; ஏற்கப்பட்டது 1930-இல். அதில் 'பண்ணைத் தொழில்' என்று இருந்த இடம் பிறகு 'வேளாண்மை' என்று மாறியது. ஏன் மாறியது என்று தன் சொல்லில் மூன்று வாக்கியம் பேசத் தெரிந்தவர், ஐந்து பத்தியையும் பிசகாமல் ஒப்பித்துவிட்டுக் கேள்வி நேரத்தில் திணறுபவரைவிட முன்னே நிற்பார். ஒவ்வொரு பத்திக்கும் ஐந்து கேள்வி நீங்களே தயாரித்து, வீட்டில் யாரையாவது வரிசை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.

இனி கால்நடை மதிப்பீட்டுப் போட்டி. மாடே வளர்க்காதவர் இதில் ஜெயிக்க முடியுமா என்றால், முடியும். நாலு உருப்படியை நிறுத்தி 1 முதல் 4 வரை எண் கொடுத்திருப்பார்கள். சிறந்ததிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்த வேண்டும். மொத்தம் 24 வரிசைகள் சாத்தியம். பெரும்பாலும் 12 முதல் 15 நிமிடம் கிடைக்கும். சரியான வரிசைக்கு 50 புள்ளி. அடுத்தடுத்த இரண்டு உருப்படிகளுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசம் என்பதை நடுவர் 'கட்' என்ற எண்ணாகக் குறித்து வைத்திருப்பார்.

நடுவரின் வரிசை 2-4-1-3, கட் 3-5-2 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் 4-2-1-3 என்று எழுதினால் 3 போகும், 47 கிடைக்கும். 2-1-4-3 என்று நடுவில் தவறினால் 5 போய் 45. முழுக்கத் தலைகீழாக எழுதினால் 15தான் மிஞ்சும். இதிலிருந்து எங்கே நேரம் செலவழிக்க வேண்டும் என்று தெரியும். கட் 2 என்றால் அந்த இரண்டும் நடுவருக்கே ஏறத்தாழ ஒன்றுதான். அங்கே ஐந்து நிமிடம் தலையை உடைத்துக்கொள்வது வீண். பளிச்சென்று பிரியும் இடத்தை முதலில் பிடியுங்கள். பெரும்பாலும் முதலாவதோ கடைசியோ சட்டென்று கண்ணில் படும்.

பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதல் ஒரு நிமிடம் எதுவும் எழுதாதீர்கள். எட்டு, பத்து மீட்டர் தள்ளி நின்று நாலையும் ஒரே பார்வையில் பாருங்கள். கிட்டே போய்விட்டால் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் தெரியும். பிறகு பக்கவாட்டில்: முதுகுக்கோடு மட்டமாக இருக்கிறதா, விலா ஆழம் எவ்வளவு. நடக்கும்போது முன்கால் வைத்த தடத்தில் பின்கால் வந்து விழுகிறதா என்று பாருங்கள். எட்டாமல் குறுகி விழுந்தால் பின்காலோ தோளோ செங்குத்தாக இருக்கும்.

பின்னால் நின்று பார்க்கும்போதுதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கொழுப்பும் அகலமாகத் தெரியும், தசையும் அகலமாகத் தெரியும். தசை உள்ளது பின்தொடையின் நடுப்பகுதியில்தான் அதிக அகலம் காட்டும். நிற்கும்போது பின்கால்கள் விலகி நிற்கும். கொழுத்தது முதுகின் மேலே அகன்று, இடுப்பு சதுரமாக, பலகை போலத் தட்டையாக இருக்கும். கீழே வர வர ஒடுங்கும். நெஞ்சடி, அடிவயிற்று மடிப்பு, வாலடி மூன்றையும் பாருங்கள். நடக்கையில் அங்கே தளதளவென்று ஆடினால் அது கொழுப்பு. இந்த ஒன்று பிடிபட்டாலே இறைச்சி மாட்டு வரிசையில் பாதித் தவறு குறைந்துவிடும்.

அடுத்தது வாய்மொழிக் காரணம்: 2 நிமிடம், 50 புள்ளி, கையில் தாள் இருக்கக் கூடாது. நாலு உருப்படியை மூன்று சோடியாகப் பிரித்துச் சொல்வதுதான் வடிவம்: முதல் சோடி, நடுச் சோடி, கடைச் சோடி. ஒவ்வொரு சோடியிலும் ஏன் இது மேலே என்பதை, பெரிய காரணத்தை முன்வைத்துச் சொல்லுங்கள். கூடவே கீழே வைத்ததன் ஒரு நிறையை ஒப்புக்கொள்ளுங்கள். 'இரண்டாம் எண் கிடேரியை நான்குக்கு மேல் வைக்கிறேன். விலா இன்னும் ஆழமானது, நடையில் பின்கால் இன்னும் முன்னே விழுகிறது. நான்குக்கு எலும்பு கனம் கூடுதல் என்பதை ஏற்கிறேன்' என்பது போல. 'நல்ல கிடேரி', 'அழகான நடை' என்றால் புள்ளி இல்லை. எதைவிட நல்லது என்பதுதான் கேள்வி.

புள்ளி அதிகம் போவது மனப்பாட வாக்கியங்களில். எந்த மாட்டுக்கும் பொருந்தும் பத்து வரியை உருப்போட்டு வந்து, ஒல்லியான உருப்படியைப் பார்த்து 'பருத்த தொடை' என்று சொன்னால் நடுவர் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவார். வரிசை சற்றுத் தவறினாலும், சொன்னது அந்த மாட்டில் உண்மையாக இருந்தால் நல்ல புள்ளி கிடைக்கும். அதனால் குறிப்பெடுக்கும்போது தாளை நாலு வரியாகப் பிரித்து, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அடையாளம் எழுதுங்கள்: 'வலது பின்காலில் வெள்ளை', 'இடது காது கிழிசல்' என்று. பேசும்போது தாள் மறந்தாலும் மாடு கண்முன் நிற்கும். பயிற்சிக்கு மாடுகூட வேண்டாம். நாலு மாம்பழம், நாலு செருப்பு எதையாவது வைத்து 2 நிமிடம் காரணம் சொல்லிப் பழகலாம்.

மாடு வேண்டாம் என்பவருக்கு மண் மதிப்பீட்டுப் போட்டி. கற்க வேண்டிய முதல் வித்தை, கையால் மண்ணின் தன்மை காண்பது. சுமார் 25 கிராம் மண்ணைச் சொட்டுச் சொட்டாக நீர் விட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். உருண்டையே பிடிக்காவிட்டால் மணல். பிடித்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடா போலத் தள்ளுங்கள். ஒடியும் முன் 2.5 செ.மீ.க்குக் குறைவாக வந்தால் பசலை (மணல், வண்டல், களி மூன்றும் கலந்த மண்) வகை, 2.5 முதல் 5 வரை களிப்பசலை. அதற்கு மேல் களி. பிறகு கொஞ்சத்தை உள்ளங்கையில் நீர் அதிகம் விட்டுத் தேய்த்து, நறநறப்பா வழவழப்பா என்று பாருங்கள். பிசையும்போது கட்டிகள் உடையாமல் விடுவதுதான் வழக்கமான பிழை. களிக்கட்டி உடையாவிட்டால் விரலுக்கு மணல் போலத் தெரியும்.

பதிவேடு எல்லாவற்றையும்விட முக்கியம், எல்லாவற்றையும்விட அலட்சியப்படுத்தப்படுவதும் அதுதான். பட்டங்கள் அதைப் பார்த்துத்தான் தரப்படுகின்றன. மாநிலப் பட்டத்துக்கு வகுப்பு நேரத்துக்கு வெளியே குறைந்தது 300 மணி நேர வேலை, அல்லது 1,000 டாலர் சம்பாதித்து அதைப் பயனுள்ளபடி முதலீடு செய்திருக்க வேண்டும். சமூகச் சேவை 25 மணி. நிலமில்லாத மாணவர் நர்சரியில், கால்நடை மருத்துவமனையில், பூக்கடையில் இந்த 300 மணியை எட்டலாம்.

'நர்சரி வேலை, 3 மணி' என்று எழுதினால் மதிப்பிடுபவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. '40 பெட்யூனியா நாற்றை 4 அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். வேர் சுற்றிக்கொண்டிருந்த 6 நாற்றில் அடிவேரைப் பிரித்துவிட்டேன். 3 மணி' என்று எழுதினால் என்ன கற்றீர்கள் என்பது தெரிகிறது. அன்றிரவே எழுத வேண்டும். ஆண்டு முடிவில் உட்கார்ந்து நினைவிலிருந்து நிரப்பிய பதிவேடு எல்லா நாளும் சரியாக 2 மணி என்று காட்டும். பழக்கப்பட்ட கண்ணுக்கு அது உடனே தெரியும்.

பன்றி வளர்ப்புத் திட்டம் எடுப்பவர் கணக்கைக் கண்காட்சி நாளிலிருந்து பின்னோக்கிப் போட வேண்டும். 60 பவுண்டில் வாங்கி 270 பவுண்டில் காட்ட வேண்டுமென்றால் 210 பவுண்டு ஏற வேண்டும். நாளுக்கு 2 பவுண்டு என்றால் 105 நாள். ஒரு பவுண்டு எடைக்கு 3 பவுண்டு தீவனம் என்று வைத்தால் 630 பவுண்டு தீவனம். குட்டி அழகாக இருக்கிறதென்று ஒரு மாதம் முன்பே வாங்கிவிட்டு, கடைசியில் எடை வரம்பைத் தாண்டும்போது தீவனத்தை வெட்டினால் தசைதான் வற்றும். மருந்து கொடுத்தால் சீட்டில் உள்ள விலக்குக் காலத்தை (மருந்துக்குப் பிறகு இறைச்சிக்கு அனுப்பக் கூடாத நாட்கள்) அன்றே நாட்காட்டியில் குறியுங்கள்.

தீவனத்தை அப்பா வாங்கித் தந்தால் கணக்கில் விட்டுவிடலாமா? கூடாது. அதற்கு ஈடாக நீங்கள் வீட்டில் செய்த வேலையின் மதிப்பை வரவிலும், அதே தொகையைத் தீவனச் செலவிலும் எழுத வேண்டும். விட்டால் பன்றியை வளர்க்க உண்மையில் எவ்வளவு செலவானது என்பது கணக்கில் தெரியாது. இன்னொரு பிழை: டிசம்பர் 31 இருப்பும் ஜனவரி 1 இருப்பும் ஒத்துப்போகாமல் இருப்பது. விண்ணப்பம் பெரும்பாலும் இங்கேதான் திரும்பி வரும்.

அமெரிக்கப் பட்டம்தான் உச்சம்; உறுப்பினர்களில் 1 சதவீதத்துக்கும் குறைவானவர்களே பெறுகிறார்கள். 10,000 டாலர் ஈட்டி 7,500 முதலீடு, அல்லது 2,000 ஈட்டி முதலீடு செய்து, அதற்கு மேல் 2,250 மணி நேர உழைப்பு; இரண்டு வழியிலும் சமூகச் சேவை 50 மணி. பள்ளி முடித்து 12 மாதமாவது ஆன பிறகுதான் தேசிய மாநாட்டில் அது கிடைக்கும். தகுதி இருந்தும் இழப்பவர்கள் இந்த இடைவெளியில்தான் இழக்கிறார்கள்: கல்லூரிக்குப் போனதும் உறுப்பினர் சந்தா கட்டுவதில்லை, பதிவேட்டையும் திறப்பதில்லை. பள்ளியை விட்டு வரும் வாரத்திலேயே ஆசிரியரிடம் சந்தா விவரமும் விண்ணப்பக் கடைசித் தேதியும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பதிவேட்டுக் கணக்கைப் பள்ளி மின்னஞ்சலிலிருந்து சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிவிடுங்கள்.